கோப்பு முறைமைகளைப் பயனர்வெளியில் இயக்க கெர்னல் ஏன் இடம்தர வேண்டும்?

கோப்பு முறைமை என்பது தரவைக் கோப்புகளாகவும் அடைவுகளாகவும் ஒழுங்குபடுத்திக் காட்டும் மென்பொருள். ஓர் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல், தனக்கு வெளியே, அதாவது பயனர்வெளியில், சாதாரண நிரல்களாக இயங்கும் கோப்பு முறைமைகளுக்கு வழி அமைத்துத் தர வேண்டுமா என்பது கேள்வி. வேகம் குறையும், பாதுகாப்புச் சிக்கல்கள் கூடும், கோப்பு முறைமை என்பதே கெர்னலின் வேலைதானே என்பவை இதற்கு வழக்கமாக எழும் மறுப்புகள். வழி அமைத்துத் தர வேண்டும் என்பதே என் பதில். வேகம் பற்றிய மறுப்பில் உண்மை இருக்கிறது. அதைப் பின்னால் எண்களோடு பார்க்கலாம். ஆனால் ஒரு கோப்பு முறைமையில் பிழை இருந்தால் அதன் விளைவை யார் சுமப்பது, ஒரு கோப்பு முறைமையை யாரெல்லாம் எழுத முடியும் என்ற இரண்டு கேள்விகளையும் விட்டுவிட்டு வேகத்தை மட்டும் அளப்பவர்கள் பிரச்சினையின் சிறு பகுதியைத்தான் அளக்கிறார்கள்.

முதலில், நடப்பது என்ன என்பதைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. லினக்ஸில் இந்த ஏற்பாட்டின் பெயர் ஃபியூஸ். மிக்லோஷ் செரெடி உருவாக்கிய இது 2005-ஆம் ஆண்டு 2.6.14 பதிப்பில் கெர்னலுக்குள் சேர்க்கப்பட்டது. இதன் கெர்னல் பகுதியான டிரைவருக்கு, தரவு எங்கே எந்த வடிவில் இருக்கிறது என்பது பற்றி எதுவும் தெரியாது. ஒரு நிரல் அந்த மவுன்ட்டுக்குள் (கோப்பு முறைமை அடைவு மரத்தில் இணைக்கப்பட்ட இடத்துக்குள்) இருக்கும் கோப்பைத் தொடும்போது, எல்லாக் கோப்பு முறைமைகளுக்கும் பொதுவான விஎஃப்எஸ் என்ற கெர்னல் அடுக்கு மற்ற எந்தக் கோப்பு முறைமையையும் அழைப்பது போலவே ஃபியூஸ் டிரைவரை அழைக்கிறது. டிரைவர் அந்த வேண்டுகோளை ஒரு செய்தியாக்கி வரிசையில் வைக்கிறது. கெர்னலோடு பேசும் வாசலான ஃபியூஸ் சாதனக் கோப்பை வாசித்தபடி காத்திருக்கும் டீமன், அதாவது கோப்பு முறைமையை நடத்தும் பின்னணி நிரல், அதை எடுத்து, தன் விடையை அதே சாதனக் கோப்பில் எழுதுகிறது. வேண்டுகோள் ஒவ்வொன்றுக்கும் 40 பைட் தலைப்பு உண்டு. செய்தியின் நீளம், செயலின் எண், விடையைப் பொருத்திக்கொள்ள ஒரு தனி எண், எந்தக் கோப்பு என்பதற்கான எண், கேட்டவரின் பயனர் எண், குழு எண், புராசஸ் எண் ஆகியவை அதில் இருக்கும். விடையின் தலைப்பு 16 பைட்தான்.

'படங்கள்' என்ற அடைவில் உள்ள 'மலை' என்ற கோப்பை ஒரு நிரல் திறக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கெர்னல் முதலில், 1 என்ற எண்ணைக் கொண்ட மூல அடைவில் 'படங்கள்' என்று ஏதாவது உண்டா என்று டீமனைக் கேட்கும். டீமன் ஓர் எண்ணையும், அடைவின் பண்புகளையும், இந்த விடையை எத்தனை நொடிகளுக்கு நம்பலாம் என்ற அளவையும் திருப்பித் தரும். பிறகு அந்த எண்ணுக்குள் 'மலை' உண்டா என்ற கேள்வி, பிறகு திறக்கும் வேண்டுகோள், பிறகு இந்த இடத்திலிருந்து இத்தனை பைட் கொடு என்ற வாசிப்பு வேண்டுகோள். வாசித்த தரவு கெர்னல் நினைவகத்தில் வைத்திருக்கும் தற்காலிகச் சேமிப்பான பக்கக் கேஷில் தங்கிவிடும். ஆகவே அதே பகுதியை மீண்டும் வாசிக்கும்போது, டீமனிடம் போகாமலேயே விடை கிடைக்க வாய்ப்புண்டு. 'வேகம் குறையும்' என்று பொத்தாம்பொதுவாகச் சொல்பவர்கள் பலமுறை கவனிக்கத் தவறுவது இந்தக் கேஷைத்தான்.

இப்போது பிழைகளுக்கு வருவோம். கெர்னலுக்குள் ஓடும் ஒரு கோப்பு முறைமை, எந்த நினைவக இடத்தையும் காட்டாத வெற்றுச் சுட்டி ஒன்றைத் தொட்டாலோ தனக்கு உரிமையில்லாத நினைவகத்தில் எழுதினாலோ, பாதிக்கப்படுவது அந்த மவுன்ட் மட்டுமல்ல. அதே நினைவக முகவரிப் பரப்பில் இருக்கும் வலைப்பின்னல் அடுக்கு, மற்ற வட்டுகளின் கேஷ், அணுகல் உரிமைகளைச் சரிபார்க்கும் பகுதி எல்லாமே ஆபத்துக்கு உள்ளாகின்றன. அதே பிழை ஒரு டீமனில் இருந்தால், அந்த நிரல் செத்துவிழும். அந்த மவுன்ட்டைத் தொடும் நிரல்களுக்கு 'டிரான்ஸ்போர்ட் எண்ட்பாயின்ட் இஸ் நாட் கனெக்டட்' என்ற பிழைச்செய்தி கிடைக்கும். அது எரிச்சலூட்டும் செய்திதான். ஆனால் மவுன்ட்டைக் கழற்றி, டீமனை மறுபடி தொடங்கி வேலையைத் தொடரலாம். இயந்திரத்தை மறுதொடக்கம் செய்யத் தேவையில்லை. பிழைதிருத்தியை இணைத்து, டீமன் எந்த வரியில் செத்தது என்று பார்க்கவும் முடியும். கெர்னல் பிழையைத் துரத்திப் பழகியவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

இதைவிடக் கனமான வாதம், நம்பத்தகாத வட்டுப் படிமங்களை, அதாவது பிறர் எழுதிய வட்டு உள்ளடக்கத்தைப் பற்றியது. மேசைக் கணினியில் ஒரு யூஎஸ்பி துணுக்கைச் செருகினால் பெரும்பாலான சூழல்கள் அதைத் தாமாகவே மவுன்ட் செய்துவிடுகின்றன. அந்தத் துணுக்கில் உள்ள தரவு அமைப்பை யார் எழுதினார்கள், எந்த நோக்கத்தோடு எழுதினார்கள் என்பது யாருக்கும் தெரியாது. கெர்னலில் உள்ள பெரிய கோப்பு முறைமைகள் பல பத்தாயிரம் வரிகள் கொண்டவை. தற்செயலாகச் சிதைந்த வட்டைத் தாங்குவதற்கு அவற்றில் நிறைய உழைப்பு செலவாகியிருக்கிறது. வேண்டுமென்றே திரித்து எழுதப்பட்ட வட்டைத் தாங்குவது வேறு வகையான வேலை. தானியங்கிச் சோதனைக் கருவிகள் இப்படித் திரித்த படிமங்களைக் கொண்டு கெர்னலை வீழ்த்தும் வழிகளை இன்றும் கண்டுபிடித்துக்கொண்டே இருக்கின்றன. நம்பத்தகாத படிமத்தை மவுன்ட் செய்வது பாதுகாப்பானது என்று உறுதியளிக்க, கோப்பு முறைமைகளைப் பராமரிப்பவர்களே தயாராக இல்லை. அவர்களுடைய நிலைப்பாட்டில் தவறு இல்லை. ஆனால் அப்படியானால் பயனருக்கு வேறொரு வழியைக் காட்ட வேண்டும். அதே படிமத்தைப் பிரித்துப் படிக்கும் வேலையை, வலைப்பின்னலைத் தொட முடியாத, புதிய கோப்புகளைத் திறக்க முடியாத, சில சிஸ்டம் கால்களுக்கு (நிரல் கெர்னலிடம் விடுக்கும் அழைப்புகளுக்கு) மேல் எதையும் செய்ய முடியாத ஒரு டீமனிடம் கொடுத்துவிட்டால், தாக்குபவர் அந்த டீமனை முழுவதுமாகக் கைப்பற்றினாலும் அவருக்குக் கிடைப்பது, அவர் ஏற்கெனவே எழுதிக் கொடுத்த அந்தப் படிமம்தான். லினக்ஸில் பரவலாகப் பயன்படும் கோப்பு முறைமையான எக்ஸ்ட்4 கொண்ட வட்டுகளை இப்படிப் பயனர்வெளியிலிருந்தே மவுன்ட் செய்யும் ஃபியூஸ்2எஃப்எஸ் என்ற நிரல், எக்ஸ்ட் குடும்பத்தின் அதிகாரபூர்வக் கருவித் தொகுப்பிலேயே இருக்கிறது.

யார் எழுத முடியும் என்ற கேள்விக்கு வரலாறே பதில் சொல்கிறது. லினக்ஸ் கெர்னலில் இருந்த விண்டோஸ் வட்டுகளுக்கான பழைய என்டிஎஃப்எஸ் டிரைவரில் எழுதும் வசதி மிகக் குறைவு. 2007-இல் என்டிஎஃப்எஸ்-3ஜி நிலையான பதிப்பாக வெளிவந்தபோதுதான், விண்டோஸ் வட்டில் நம்பிக்கையோடு எழுதுவது லினக்ஸ் பயனர்களுக்குச் சாதாரணச் செயலாயிற்று. அது ஒரு ஃபியூஸ் நிரல். முழுமையான எழுதும் வசதி கொண்ட கெர்னல் டிரைவர், பாராகான் நிறுவனத்தின் பங்களிப்பாக 2021-இல் 5.15 பதிப்பில்தான் வந்தது. நடுவில் 14 ஆண்டுகள். கேமரா அட்டைகளில் பயன்படும் எக்ஸ்ஃபேட்டின் கதையும் இதைப் போன்றதே: மைக்ரோசாஃப்ட் 2019-இல் அதன் விவரக்குறிப்பை வெளியிட்ட பிறகு, சாம்சங் எழுதிய டிரைவர் 2020-இல் 5.7 பதிப்பில் சேர்ந்தது. அதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே கேமரா அட்டைகளைப் பயனர்கள் ஃபியூஸ் வழியாகப் படித்துக்கொண்டும் எழுதிக்கொண்டும் இருந்தார்கள். கெர்னலில் ஒரு கோப்பு முறைமை இடம்பெற வேண்டுமானால் உரிமம் பொருந்த வேண்டும், காப்புரிமைச் சிக்கல் இருக்கக் கூடாது, நீண்ட காலம் பராமரிக்க ஆள் வேண்டும். இந்த மூன்றும் கூடிவரும்வரை பயனர் தன் வட்டைத் திறக்காமல் காத்திருக்க வேண்டும் என்பது ஒரு நல்ல இயங்குதளத்தின் விடையாக இருக்க முடியாது.

சில கோப்பு முறைமைகளோ எக்காலத்திலும் கெர்னலுக்குள் போகவே கூடாதவை. எஸ்எஸ்எச்எஃப்எஸ், தொலைவில் உள்ள கணினியின் அடைவை எஸ்எஃப்டிபி என்ற கோப்புப் பரிமாற்ற நெறிமுறை வழியாக உள்ளூர் அடைவு போலக் காட்டுகிறது. அது, தொலைக் கணினியில் பாதுகாப்பாக நுழைய உதவும் எஸ்எஸ்எச் நிரலையே பின்னணியில் இயக்குவதால், பயனரின் சாவிகள், அமைப்புகள், இடைநிலைக் கணினி வழியாகத் தாவிச் செல்லும் ஏற்பாடுகள் யாவும் அப்படியே வேலை செய்கின்றன. இதைக் கெர்னலில் செய்ய முனைந்தால் எஸ்எஸ்எச்சின் சாவிப் பரிமாற்றத்தையும் கடவுச்சொல் கேட்கும் முறைகளையும் கெர்னலுக்குள் கொண்டுபோக வேண்டியிருக்கும். யாரும் அதை விரும்ப மாட்டார்கள். மேகச் சேமிப்பை அடைவாகக் காட்டும் ஆர்குளோன், கோப்புகளை மறையாக்கம் செய்து சேமிக்கும் கோகிரிப்ட்எஃப்எஸ் ஆகியவையும் இந்த வகைதான். இரண்டும் கோ மொழியில் எழுதப்பட்டவை, கெர்னலுக்குள் அந்த மொழிக்கு இடமே இல்லை. எனக்கு மிகவும் பிடித்த எடுத்துக்காட்டு எல்எக்ஸ்சிஎஃப்எஸ். ஒரு கன்டெய்னருக்குள் (ஒரே கெர்னலின் மேல் சில நிரல்களைத் தனியே பிரித்து வைக்கும் கூட்டுக்குள்) இருக்கும் நிரல், நினைவகம் எவ்வளவு என்று, கெர்னல் தன் நிலவரத்தைக் காட்டும் புராக் மரத்தின் கீழ் உள்ள மெம்இன்ஃபோ கோப்பைப் படித்தால், முழு இயந்திரத்தின் நினைவகமே தெரியும். அந்தக் கன்டெய்னருக்கு ஒதுக்கப்பட்ட அளவு தெரியாது. எல்எக்ஸ்சிஎஃப்எஸ் அந்த ஒரு கோப்பின் இடத்தில் தன் ஃபியூஸ் கோப்பை வைத்து, கேட்ட புராசஸ் எந்தக் கன்டெய்னரைச் சேர்ந்தது என்று பார்த்துச் சரியான எண்ணைத் தருகிறது. இங்கே வட்டும் இல்லை, சேமிப்பும் இல்லை. கோப்பு என்ற இடைமுகம் மட்டும்தான் இருக்கிறது.

இதையெல்லாம் கெர்னலின் உதவி இல்லாமலே ஒரு நூலகத்தில் செய்துவிடலாமே என்று கேட்பவர்களும் உண்டு. செய்து பார்த்தார்கள். மேசைச் சூழல்கள் தொலைநிலைக் கோப்புகளைத் தங்கள் நூலகங்கள் வழியாகத் திறக்கின்றன. அந்த நூலகத்தைப் பயன்படுத்தாத நிரலுக்கு அந்தக் கோப்பு இருப்பதே தெரியாது. ஆகவேதான் அப்படிப்பட்ட ஏற்பாடுகளில் ஒன்றான ஜிவிஎஃப்எஸ் கடைசியில் ஒரு ஃபியூஸ் வாசலையும் திறந்து வைக்க வேண்டியதாயிற்று. சி நூலகத்தின் அழைப்புகளை இடைமறித்து வேறொரு நூலகத்துக்குத் திருப்பும் உத்தி, நிலையாக இணைக்கப்பட்ட நிரல்களிடமும் நேரடியாகச் சிஸ்டம் கால் செய்யும் நிரல்களிடமும் தோற்றுப்போகிறது. அதற்கும் முன்னால், 1993-இல் மறையாக்க ஆய்வாளர் மேட் பிளேஸ் தன் மறையாக்கக் கோப்பு முறைமையை, அதே கணினியில் இயங்கும் ஓர் என்எஃப்எஸ் (வலைப்பின்னல் வழியாகக் கோப்புகளைப் பகிரும் நெறிமுறை) சேவையகமாக எழுதினார். கெர்னலில் ஏற்கெனவே இருந்த என்எஃப்எஸ் கிளையன்ட்டை, தொலைவில் ஏதோ கணினி இருப்பதாக நம்பவைத்து வேலை வாங்கினார். கோடா என்ற வலைப்பின்னல் கோப்பு முறைமைக்காக எழுதப்பட்ட கெர்னல் பகுதியையும் வேறு காரியங்களுக்குப் பிறர் இரவல் வாங்கினார்கள். செரெடியின் முந்தைய ஆக்கமான ஏவிஎஃப்எஸ் அவற்றில் ஒன்று. இந்த வரலாற்றிலிருந்து எனக்குப் புலப்படுவது, தேவை என்பது எப்போதும் இருந்தது என்பதுதான். கெர்னல் வாசலைத் திறக்காவிட்டால் மக்கள் சுவரேறிக் குதிக்கிறார்கள். வேறொரு நோக்கத்துக்காக வடிவமைக்கப்பட்ட நெறிமுறையை வளைக்கும்போது பூட்டுகள், கேஷ் செல்லுபடியாகும் காலம், நீக்கப்பட்ட பிறகும் திறந்திருக்கும் கோப்பு போன்ற நுட்பமான இடங்களில் நடத்தை பிசகுகிறது.

இனி வேகம். லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2011-இல், பயனர்வெளிக் கோப்பு முறைமைகள் விளையாட்டுப் பொருள்களுக்கு மேல் எதற்கும் உதவும் என்று எண்ணுவோர் தவறான வழியில் போகிறவர்கள் என்ற பொருள்பட எழுதினார். அன்றைய நிலையில் அதற்கு நியாயம் இருந்தது. ஒவ்வொரு வேண்டுகோளுக்கும் கெர்னலிலிருந்து டீமனுக்கும் டீமனிலிருந்து கெர்னலுக்கும் மாற வேண்டும். தரவையும் கூடுதலாக நகலெடுக்க வேண்டும். ஒரு சிறு விவரத்தைப் பாருங்கள்: பழைய இயல்பு நிலையில் எழுதும் வேண்டுகோள் ஒன்றுக்கு 4 கிலோபைட்தான். ஒரு மெகாபைட் எழுத 256 முறை போய்வர வேண்டும். வேண்டுகோளின் அளவை 128 கிலோபைட் ஆக்கியபோது அது 8 ஆகக் குறைந்தது. 4.20 பதிப்பிலிருந்து, டீமன் விரும்பினால் ஒரே வேண்டுகோளில் ஒரு மெகாபைட்டையும் அனுப்பலாம். பயனர்வெளி என்பதற்காகத் தவிர்க்கவே முடியாத விலை என்று முதலில் தோன்றியதில் பெரும்பகுதி, நெறிமுறையின் முதல் பதிப்பு எளிமையாக இருந்ததன் விலைதான்.

2017-இல், சேமிப்புத் தொழில்நுட்ப ஆய்வுகளுக்கான ஃபாஸ்ட் மாநாட்டில் வெளியான ஓர் ஆய்வு இதை முறையாக அளந்தது. எக்ஸ்ட்4-க்கு மேல் எதுவும் செய்யாமல் கடத்திவிடும் ஒரு ஃபியூஸ் அடுக்கை வைத்து, பல வகைப் பணிச்சுமைகளில் ஒப்பிட்டார்கள். சிலவற்றில் வேறுபாடே தெரியவில்லை. மிக மோசமானவற்றில், மேம்படுத்திய நிலையிலும் 83 விழுக்காடு வரை வேகம் குறைந்தது. இந்த இரண்டு முனைகளையும் சேர்த்துச் சொல்லாமல் ஒன்றை மட்டும் மேற்கோள் காட்டுவது நேர்மையாகாது. பெரிய கோப்புகளை வரிசையாக வாசிப்பதில் இழப்பு சிறிது. ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளை உருவாக்கி அழிப்பதில் இழப்பு பெரிது. தரவு வலைப்பின்னலின் மறுமுனையிலிருந்து மில்லிநொடிகளில் வருகிறதென்றால், டீமனுக்குப் போய்வரும் மைக்ரோநொடிகள் கணக்கிலேயே வராது.

குறைந்த வேகத்தைச் சகிக்க முடியாத இடங்களுக்கும் இப்போது வழி உண்டு. 3.15 பதிப்பில் எழுதுவதற்கான கேஷ் வந்தது. 2024-இல் 6.9 பதிப்பில் வந்த பாஸ்த்ரூ வசதியில், கோப்பைத் திறக்கும் தருணத்தில் மட்டும் டீமன் தலையிட்டு, இந்தக் கோப்பின் வாசிப்பையும் எழுத்தையும் அடியில் இருக்கும் இன்ன கோப்புக்கே நேராக அனுப்பு என்று கெர்னலிடம் சொல்லிவிடலாம். அதன்பின் தரவு டீமனைத் தொடுவதே இல்லை. 2025-இல் 6.14 பதிப்பு, கெர்னலும் நிரலும் பகிர்ந்துகொள்ளும் வரிசைகளான ஐஓ-யூரிங் வழியாகச் செய்திகளைப் பரிமாறும் முறையைச் சேர்த்து, ஒவ்வொரு சிபியு கருவுக்கும் தனி வரிசையைத் தந்தது. ஆண்ட்ராய்டின் அனுபவம் இங்கே பொருத்தமானது. பகிர்வுச் சேமிப்பின் அணுகல் உரிமைகளுக்காக ஃபியூஸைப் பயன்படுத்திவந்த ஆண்ட்ராய்டு, வேகத்துக்காக 8-ஆம் பதிப்பில் எஸ்டிகார்டுஎஃப்எஸ் என்ற கெர்னல் அடுக்குக்கு மாறியது. 11-ஆம் பதிப்பில் ஃபியூஸுக்கே திரும்பியது. எந்தச் செயலி எந்தப் படத்தைப் பார்க்கலாம் என்பதைத் தீர்மானிக்கும் விதிகளைக் கெர்னலுக்குள் எழுதி, அதைத் தனியே பராமரிப்பது கட்டுப்படியாகவில்லை. 12-ஆம் பதிப்பில் பாஸ்த்ரூ வந்தது. அன்றாடம் கோடிக்கணக்கானோர் கையில் ஓடும் ஒன்றை விளையாட்டுப் பொருள் என்று இனிச் சொல்ல முடியாது.

உண்மையான தொல்லைகள் வேறு இடத்தில் இருக்கின்றன. இங்கே கெர்னல், தன் வேலையை முடிக்க ஒரு சாதாரண நிரலின் விடைக்காகக் காத்திருக்கிறது. அந்த நிரல் பதிலே சொல்லாமல் இருந்துவிடலாம். தீய எண்ணம் கொண்ட பயனர் தன் மவுன்ட்டுக்குள் பிறரை இழுத்து, அவர்களுடைய நிரலைக் காலவரையின்றி நிறுத்திவைக்கலாம், அவர்கள் எதைத் தொடுகிறார்கள் என்று கவனிக்கலாம். இதனால்தான் இயல்பு நிலையில், ஒருவரின் ஃபியூஸ் மவுன்ட்டுக்குள் வேறு எவரும் நுழைய முடியாது, எல்லா உரிமைகளும் கொண்ட ரூட் பயனரும்கூட. காப்புநகல் எடுக்கும் நிரலை ரூட்டாக இயக்கிவிட்டு 'பெர்மிஷன் டினைட்' என்ற செய்தியைப் பார்த்துத் திகைக்கும் நிர்வாகிகள் இதை ஒரு பிழை என்று நினைக்கிறார்கள். அது திட்டமிட்ட காப்பு. இதே காத்திருப்பை, கெர்னலில் உள்ள வேறொரு ஓட்டையைச் சுரண்டுவதற்கான நேர இடைவெளியை நீட்டிக்கும் கருவியாகத் தாக்குபவர்கள் பயன்படுத்தியதும் உண்டு. இதை மறைக்க வேண்டியதில்லை. சலுகையற்ற பயனர்களுக்கு ஃபியூஸ் தேவைப்படாத சேவையகத்தில் அதை அணைத்துவைப்பது நியாயமான முடிவே.

நினைவகத் தட்டுப்பாடு இன்னொன்று. நினைவகம் தீரும்போது கெர்னல், இன்னும் வட்டில் எழுதப்படாத நினைவகப் பக்கங்களை வட்டுக்கு அனுப்பி இடம் பிடிக்கப் பார்க்கும். அந்தப் பக்கங்கள் ஃபியூஸ் கோப்பைச் சேர்ந்தவையாக இருந்து, அவற்றை எழுத வேண்டிய டீமனே நினைவகத்துக்காகக் காத்திருந்தால், இருவரும் ஒருவருக்காக ஒருவர் காத்து நிற்பார்கள். ஃபியூஸ் இதை, ஒரு மவுன்ட்டில் தேங்கக்கூடிய எழுதப்படாத பக்கங்களுக்குக் கடுமையான உச்சவரம்பு வைத்தும், நீண்ட காலம் அப்பக்கங்களைத் தற்காலிகப் பக்கங்களில் நகலெடுத்தும் சமாளித்தது. அழகான தீர்வு என்று சொல்ல மாட்டேன். நினைவகம் போதாதபோது பக்கங்களை ஒதுக்கிவைக்கும் ஸ்வாப் கோப்பையும், தரவுத்தளத்தின் பரிவர்த்தனைப் பதிவையும் பயனர்வெளிக் கோப்பு முறைமையில் வைக்க வேண்டாம் என்றே இன்றும் பரிந்துரைப்பேன். மூல கோப்பு முறைமையே ஃபியூஸாக இருந்தால், கணினியை அணைக்கும்போது எல்லா நிரல்களையும் கொல்லும் கட்டத்தில் அந்த டீமனும் செத்துவிடக் கூடாது. இதற்கென்றே, பெயரின் முதல் எழுத்தாக '@' குறியை வைத்துக்கொண்ட நிரலைக் கடைசிவரை கொல்லாமல் விடும் ஒரு வழக்கத்தை, லினக்ஸில் சேவைகளைத் தொடங்கி நிறுத்தும் சிஸ்டம்டி வைத்திருக்கிறது. பார்க்க விநோதமாக இருந்தாலும் வேலை செய்கிறது.

பிற இயங்குதளங்களும் வெவ்வேறு பாதைகளில் இதே இடத்துக்கு வந்திருக்கின்றன. பிளான் 9 தொடக்கத்திலிருந்தே கோப்புச் சேவையகங்களை 9பி நெறிமுறை பேசும் சாதாரண நிரல்களாக வைத்தது; மிகக் குறைந்த வேலையை மட்டும் கெர்னலில் வைக்கும் மினிக்ஸ், ஹர்ட் போன்ற நுண்கெர்னல் அமைப்புகளில் வேறு வழியே கிடையாது. நெட்பிஎஸ்டி தனக்கெனப் பஃப்ஸ் என்ற ஏற்பாட்டை எழுதிக்கொண்டது. மேக்கில் பல ஆண்டுகள் வெளியார் எழுதிய கெர்னல் நீட்சி ஒன்றையே பயனர்கள் நம்பியிருந்தார்கள். ஆப்பிள் கெர்னல் நீட்சிகளை ஓரங்கட்டத் தொடங்கிய பின், மேக்ஓஎஸ் 15 தலைமுறையில் எஃப்எஸ்கிட் என்ற பெயரில் பயனர்வெளிக் கோப்பு முறைமைகளுக்குத் தானே வழி செய்து தந்தது.

புதிதாக ஒரு கெர்னலில் இதைச் சேர்ப்பவர்களுக்கு, ஃபியூஸிடமிருந்து கற்க வேண்டியவை சில உண்டு. முதல் செய்தியிலேயே இரு தரப்பும் தங்கள் பதிப்பையும் தங்களுக்குத் தெரிந்த வசதிகளையும் பரிமாறிக்கொள்ள வேண்டும்; இருபது ஆண்டுகளில் இத்தனை மாற்றங்கள் வந்தும் பழைய டீமன்கள் ஓடுவது அதனால்தான். தொங்கிப்போன இணைப்பை நிர்வாகி ஒரே கட்டளையில் அறுத்துவிட வழி இருக்க வேண்டும். லினக்ஸில் சிஸ் மரத்தின் கீழ், ஒவ்வோர் இணைப்புக்கும் உள்ள அபார்ட் என்ற கோப்பில் எதையாவது எழுதினால் காத்திருக்கும் வேண்டுகோள்கள் எல்லாம் பிழையோடு திரும்பிவிடும். சாதாரணப் பயனர் செய்யும் மவுன்ட்டில், உரிமையாளரின் அதிகாரத்தோடு ஓடும் செட்யூஐடி நிரல்களுக்கும் சாதனக் கோப்புகளுக்கும் எந்த மதிப்பும் இருக்கக் கூடாது. டீமன் தரும் ஒவ்வொரு விடையையும், வெளியிலிருந்து வரும் வலைப்பின்னல் பொட்டலத்தைச் சந்தேகிப்பது போலவே கெர்னல் சந்தேகித்துச் சரிபார்க்க வேண்டும். நெறிமுறை, சாதனக் கோப்போடு பிணைக்கப்படாமல் தனித்து நிற்க வேண்டும். 2019-இல் 5.4 பதிப்பில் வந்த வர்ட்ஐஓ-எஃப்எஸ், அதே ஃபியூஸ் செய்திகளை ஒரு மெய்நிகர் கணினிக்கும் அதைத் தாங்கும் கணினிக்கும் இடையே அனுப்புகிறது. டீமன் கெர்னலுக்கு மட்டுமல்ல, அந்தக் கணினிக்கே வெளியே இருக்கிறது. செய்தி வடிவங்கள் தெளிவாகவும் குறுகியதாகவும் இருந்ததால், அதற்கெனப் புதிய நெறிமுறையை வடிவமைக்க வேண்டிய தேவை எழவில்லை.